முதல் ஆமென்

ஜனவரி 9

பிரியமுள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? வலது காதுக்கு மருத்துவர் என்ன சொன்னார்? போனில் நான் கத்துவதும் நீ ‘என்ன, என்ன’ என்று கேட்பதும் இரண்டு பேருக்கும் களைப்பாகிவிடுகிறது. அதனால் வழக்கம்போல் கடிதம்.

இங்கே ஒரு புதிய விஷயம் நடந்திருக்கிறது. போன வருடம் வந்த போதகர் சின்ன வயதுக்காரர். போன ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே பெஞ்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ‘இந்த மண்டபத்துல பாதிக்கு மேல காலியா இருக்கு. வராதவங்க செத்துட்டாங்களா, இல்ல உள்ள இருக்கிற நாம செத்துட்டோமா?’ என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. சபை தன்னைத்தானே நேர்மையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். வீடு வீடாகப் போய் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்தச் சபையால் உங்களுக்குக் கிடைத்த நன்மை என்ன? உண்டான காயம் என்ன? பதில்களைத் தொகுத்து ஒரு ஞாயிறு எல்லார் முன்பும் வாசிக்க வேண்டும்.

‘வாழ்நாள் பூரா குடிதண்ணிய சோதிச்சவர் ஒருத்தர் இருக்காரே, அவரே சபையையும் சோதிக்கட்டும்’ என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். எனக்குத் தகுதி இல்லை என்று சொல்வதற்காக எழுந்தேன். எழுந்ததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டிவிட்டார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். இதற்கென்று போட்ட கமிட்டிக்குத் தலைவர் சபையின் மூத்த மூப்பர்தான். நம் மரக்கடைக்காரர்.

என் பழைய கடமையும் தொடர்கிறது. போதகருக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. ‘நீங்க முதல் ஆமென் சொன்னாத்தான் மத்தவங்க சொல்லணுமா ஐயா? அதுவரைக்கும் ஜெபிக்கிறவர் உக்காரக் கூடாதா?’ என்று கேட்டார். ‘ஆமாங்க, முன்னே ஆளுக்கொரு பக்கம் ஆமென் சொல்லி ஒரே குழப்பமா இருந்துச்சு. என் குரல் கொஞ்சம் கனமா இருக்குன்னு என்னை வச்சாங்க’ என்றேன். சிறுபிள்ளைகள்கூட என்னை ‘ஆமென் ஐயா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தண்ணீர் சோதனையில் ஒரு முறை உண்டு. தொட்டிக்குப் பக்கத்தில் எடுக்கும் தண்ணீர் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். குழாயின் கடைசி முனையில் எடுக்க வேண்டும். உன்னை யாரும் இந்தச் சபையிலிருந்து நீக்கவில்லை. அந்தக் கணக்கில் நீதான் கடைசி முனை. அதனால் உன்னிடமும் கேட்கிறேன். கட்டாயமில்லை. நான் கேட்டது தவறாகவும் இருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்

*

ஜனவரி 27

அண்ணனுக்கு,

நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? முழங்கால் நிற்கிறவரை நானும் நிற்பேன். ஆஸ்பத்திரி லினன் அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை எதுவும் கிடையாது. காலையில் வெளுத்து வரும் போர்வைகளை மடிக்கத் தொடங்கினால் சாயங்காலம்வரை மேசையைச் சுற்றி நின்றபடிதான். வலது காது மங்கிக்கொண்டு வருகிறது. மருத்துவர் கொடுத்த கருவியில் என் சேலை உரசுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது.

கட்டாயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடத்தில் இப்போதாவது கேட்டீர்களே. பதில் எழுதுகிறேன். திருத்தாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்மை: பாடக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு காதும் இருந்தபோது நன்றாகப் பாடினேன்.

காயம்: எனக்கு இருபத்தெட்டு வயது. புருஷன் அடி தாங்காமல் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். கன்னத்தில் விரல் பதிந்திருந்ததை ஞாயிற்றுக்கிழமை சபை முழுவதும் பார்த்தது. நம் சபையில் யாரும் யாரைப் பற்றியும் புறம் பேச மாட்டார்கள். ஜெபிப்பார்கள். யார் மேல் என்ன கோபமோ அதைக் கண்ணை மூடிக்கொண்டு, கர்த்தரிடம் சொல்வதுபோல், கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி சொல்வார்கள். ஜெபத்தின் நடுவே யார் எழுந்து மறுத்துப் பேச முடியும்? அந்தப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் மரக்கடைக்காரர் எழுந்தார். ‘கர்த்தாவே, புருஷன் வீட்டை விட்டு வந்து அண்ணன் வீட்டிலே உட்கார்ந்திருக்கிற எங்கள் சகோதரியின் கல்லான இருதயத்தை உடைத்தருளும். அவளுடைய பெருமையைத் தாழ்த்தும். அவளைத் திரும்ப அனுப்பும்’ என்று ஜெபித்தார்.

உடனே முதல் ஆமென் வந்தது. அதன் பின்னால் மண்டபமே சொன்னது.

மறுநாள் என் பெட்டி பஸ் ஏறியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது யார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். திரும்பிப் போன வீட்டில் இடது காது போயிற்று. அதன் பிறகு அந்த வீட்டுக்கும் சொல்லாமல், உங்கள் வீட்டுக்கும் வராமல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

அடித்தவன் செத்துப்போய்விட்டான். ஜெபித்தவர் இருக்கிறார். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட நான் நினைக்கவில்லை. அன்றைக்கு அவர் ஜெபத்தை முடித்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிம்மதியாக உட்கார்ந்தார். ஒருநாள் அதே இடத்தில் அவர் நிற்க வேண்டும். உட்கார முடியாமல் நிற்க வேண்டும். எல்லோரும் பார்க்க வேண்டும்.

இதுதான் என் பதில். மற்றவர்கள் பெயரை மறைத்துக்கொள்ளுங்கள். என் பதிலை மட்டும் என் பெயர் சொல்லி வாசியுங்கள்.

தங்கை

*

பிப்ரவரி 21

பிரியமுள்ள தங்கைக்கு,

இங்கே அனைவரும் சுகம். இருமல் பரவாயில்லை. உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். வீடு வீடாக அலைவதில் நேரம் போய்விட்டது. பேனாவும் கசிந்துகொண்டிருந்தது.

முதலில் மின்வேலைக்காரர் வீட்டுக்குப் போனேன். ‘எனக்கு ஒரு காயமும் இல்ல ஐயா. பிரசங்கம் ஆரம்பிச்சா தூங்கிடுவேன். உங்க ஆமென் கேட்டாத்தான் முழிப்பே வரும். அந்த நன்மைய நல்லா எழுதிக்கோங்க’ என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, ‘வீட்ல தூங்கினா நான் எழுப்பி வேலை சொல்லுவேன்ல, அதுக்குத்தான் தவறாம அங்க வர்றாரு’ என்றார். இதை நன்மையில் சேர்ப்பதா காயத்தில் சேர்ப்பதா என்று தெரியாமல் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

பிறகு சபைக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களைப் பார்க்கப் போனேன். துணி தைக்கிற அம்மா மெஷினை நிறுத்தாமலே பேசினார்கள். ‘என் மகன் குடிக்கிறான்னு எனக்கே தெரியாதுங்க. புதன்கிழமை ஜெபத்துலதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஊரே ஆமென் சொல்லிச்சு. பையன் அன்னைக்குப் போனவன்தான், இன்னும் வீட்டுக்கு வரல.’

ஓய்வு பெற்ற ஓட்டுநர் கதவைப் பாதி திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். ‘உள்ள வாங்க. காப்பி குடிங்க. ஆனா ஜெபம் மட்டும் பண்ணாதீங்க’ என்றார். நான் ஜெபம் பண்ணவில்லை. காப்பி நன்றாக இருந்தது.

வெவ்வேறு தெருக் குழாய்களில் ஒரே வாடை வந்தால், அந்தத் தெருக்களைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். சபையை விட்டுப் போனவர்களில் அநேகர் ஒருவருடைய ஜெபத்துக்குப் பிறகுதான் போயிருக்கிறார்கள். நான் சொல்வது அவசர முடிவாக இருக்கலாம். இன்னும் சில வீடுகள் பாக்கி இருக்கின்றன.

உன் பதில் கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ரொம்ப நேரம் நிற்காதே.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 4

அண்ணனுக்கு,

நலம். பேனா சரியாகிவிட்டதென்று நினைக்கிறேன்.

நான் காதைப் பற்றி எழுதினேன். நீங்கள் முழங்காலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

வாசிப்பீர்களா, மாட்டீர்களா?

தங்கை

*

மார்ச் 23

பிரியமுள்ள தங்கைக்கு,

கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு பரவாயில்லை. மனதுதான் சரியில்லை.

வாசிப்பதற்கு முன்பு அறிக்கையைக் கமிட்டித் தலைவரிடம் காட்ட வேண்டும் என்பது ஒழுங்கு. எடுத்துக்கொண்டு மரக்கடைக்குப் போனேன். உள்ளே மரம் அறுக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பலகைகளுக்கு நடுவே ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மரத்தூள் அவர் தலையிலும் தோளிலும் படிந்திருந்தது. மெஷினை நிறுத்தச் சொன்னார். எனக்கு ஸ்டூல் போடச் சொல்லி, தன் துண்டால் அதைத் தானே துடைத்தார். அவர் மரியாதையில் எப்போதும் குறை வைத்ததில்லை. அதுதான் என்னைப் பேசவிடாமல் செய்துவிடுகிறது.

‘அண்ணே, எழுத்து முத்து மாதிரி இருக்கு’ என்றார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். மரத்தில் கோடு போடுகிற தடித்த பென்சில். ‘காயம்னு போட்டிருக்கீங்க. அது கேக்கிறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும். வளர வேண்டிய இடங்கள்னு போடுவோமா?’ என்று கேட்டு, கேட்டுக்கொண்டே அடித்தார். தையல்கார அம்மா சொன்னது, ஓட்டுநர் சொன்னது எல்லாவற்றின் மேலும் கோடு விழுந்தது. கடைசியில் உன் பக்கம் வந்தது.

அதை மட்டும் நிதானமாகப் படித்தார். பிறகு, ‘தங்கச்சி இங்க இல்லையே அண்ணே. இல்லாதவங்க பேச்சு இங்க எதுக்கு? அவங்க கசப்பு நீங்கணும்னு நான் இன்னைக்கும் ஜெபிக்கிறேன்னு ஒரு வரி போட்டுக்கோங்க. அது போதும்’ என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

‘என்ன அண்ணே?’

‘ஒண்ணுமில்லீங்க’ என்றேன். பிறகு ‘சரிங்க’ என்றும் சொன்னேன்.

மெஷினை மறுபடி ஓடவிட்டார்கள். திருத்திய பிரதியுடன் வீட்டுக்கு வந்தேன்; கோடு விழாத நகல் ஒன்று வீட்டில் இருக்கிறது. உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எப்படியும் உன்னைப் பற்றி ஒரு வரியாவது அதில் வரும்.

அன்புடன்,
அண்ணன்

*

ஏப்ரல் 3

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை.

என் காதில் அடித்தவன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தான். அவனுக்குக்கூட யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கம் இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் மின்விசிறிகளைப் போட்டுக்கொண்டு, விளக்கெல்லாம் எரிய, பெஞ்சு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு செய்தீர்கள்.

கசப்பு நீங்க ஜெபிக்கிறாராம். என் கசப்பை நான் வளர்த்து வைத்திருக்கிறேன். வேளைக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு வேறு துணை கிடையாது. அதை என்னிடமிருந்து ஜெபித்து எடுத்துவிட அவர் யார்?

அந்த ஒரு வரியை வாசித்தீர்கள் என்றால், இதுதான் என்னிடமிருந்து உங்களுக்கு வரும் கடைசிக் கடிதம்.

தங்கை

*

மே 14

பிரியமுள்ள தங்கைக்கு,

உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன் என்று எழுத வந்து, எழுதவில்லை. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவ்வளவுதான்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு குறித்திருக்கிறார்கள். போதகரிடம் இரண்டு பிரதிகளையும் காட்டினேன். பென்சில் கோடு போட்டதைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். கோடு போடாததைப் படித்துவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். ‘ஐயா, எனக்கும் பயமாத்தான் இருக்கு. அவர் நினைச்சா என்னை வேற சபைக்கு மாத்திடுவாரு. ஆனா சோதிச்சுப் பாக்கலாம்னு சொன்னவன் நான்தானே. எதை வாசிக்கிறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க’ என்றார்.

முடிவை என்னிடம் விட்டால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

நீ நலம்கூட விசாரிக்காததன் காரணம் எனக்குப் புரிகிறது. காது மருத்துவரைத் தவறாமல் பார்.

அண்ணன்

*

ஜூன் 18

பிரியமுள்ள தங்கைக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியாமலே எழுதுகிறேன். நேற்று ஞாயிறு. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பிரசங்கம் முடிந்ததும் போதகர் என்னை அழைத்தார். இரண்டு பிரதிகளும் என் பையில் இருந்தன. கை எதைத் தொட்டதோ அதை எடுத்தேன் என்று உனக்கு எழுதலாம் என்று நினைத்தேன். அது பொய். பார்த்துத்தான் எடுத்தேன்.

நன்மைகளை முதலில் வாசித்தேன். மின்வேலைக்காரர் பதிலுக்குச் சிரித்தார்கள். பிறகு ‘காயங்கள்’ என்று வாசித்தேன். மரக்கடைக்காரர் தலை நிமிர்ந்தது. தையல்கார அம்மா சொன்னதையும் ஓட்டுநர் சொன்னதையும் பெயரில்லாமல் வாசித்தேன். மண்டபத்தில் யார் பெயரும் யாருக்கும் தேவைப்படவில்லை. கடைசியாக உன் பெயரைச் சொன்னேன். நீ எழுதியதை ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். முதல் ஆமென் வந்த இடத்தையும், பெட்டி பஸ் ஏறிய இடத்தையும் விடவில்லை. அந்த இடத்தில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டு மீதியை வாசித்தேன். பிறகு என் முன் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன்.

மரக்கடைக்காரர் எழுந்தார். ‘சபையாரே, மனசு பாரமா இருக்கு. ஜெபிப்போம்’ என்றார். பழக்கம், எல்லோரும் கண்ணை மூடிவிட்டோம்.

‘கர்த்தாவே, முதுமையினாலே தடுமாறுகிற எங்கள் அண்ணனைப் பொறுத்தருளும். தூரத்திலே கசப்போடு வாழுகிற எங்கள் சகோதரியின் கல்லான இருதயத்தை மறுபடியும் உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறோம்’ என்று தொடங்கினார். அதே சொற்கள். அதே குரல். நன்றாக ஜெபித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ‘இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே’ என்று முடித்தார்.

என் வாய் தானாகத் திறந்தது. அதை மூடினேன்.

அவர் காத்திருந்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். ‘மேலும் பிதாவே’ என்று ஆரம்பித்து, வியாதியஸ்தர்களுக்காக ஜெபித்தார். முடித்தார். நான் சும்மா இருந்தேன். அரசாங்கத்துக்காக ஜெபித்தார். சாலைகளுக்காக ஜெபித்தார். மண்டபத்தின் கூரைக்காக ஜெபித்தார். ஒவ்வொரு முறையும் ‘நல்ல பிதாவே’ என்று வந்து நின்று, என் பக்கம் காதைக் கொடுத்தார்.

பின்னால் யாரோ, ‘ஆமென் ஐயா தூங்கிட்டாரா?’ என்று முணுமுணுத்தார்கள்.

‘இல்ல. முழிச்சிட்டாரு’ என்றார் மின்வேலைக்காரர்.

நான் கண்ணைத் திறந்தேன். ஜெப நேரத்தில் கண்ணைத் திறப்பது எனக்குப் புதிது. மரக்கடைக்காரர் தனக்கு முன்னிருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கடை மரத்தில் செய்து சபைக்குக் கொடுத்த பெஞ்சு. பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். பார்வையை நான்தான் முதலில் எடுப்பேன் என்று நினைத்தேன். அவர்தான் எடுத்தார்.

அதற்குப் பிறகு ஜெபிக்க அவரிடம் ஒன்றும் இல்லை. ‘பிதாவே’ என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ‘பிதாவே’ என்றார். மண்டபத்தில் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து அவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யாராவது ஒருவர் ஆமென் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் அவர் மனைவி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார்கள். ‘போதும். வாங்க, வீட்டுக்குப் போலாம்’ என்றார்கள். அவர் உட்காராமலே நடுவழியாக வெளியே போனார்.

இதைச் சபையின் ஆரோக்கியத்துக்காகச் செய்தேனா, பழிக்காகச் செய்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். பெரும்பங்கு பழிதான். மிச்சத்துக்கு நல்ல பெயர் வைக்க மனம் வரவில்லை. வருத்தம் வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அண்ணன்

*

ஜூலை 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா?

கடிதத்தைப் படித்தேன். முடித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி படித்தேன். மறுநாள் லினன் அறையில் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களுக்குச் சபையும் தெரியாது, மூப்பரும் தெரியாது. போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று கேட்டார்கள். சாலைகளுக்காக ஜெபித்த இடத்தில் ஒருத்தி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ‘அப்புறம் என்னாச்சுக்கா? அந்த ஆளு எப்பதான் உக்காந்தாரு?’ என்று தினமும் கேட்கிறார்கள்.

நீங்கள் வருத்தப்பட வேண்டாம். வருத்தம் வரவில்லையே என்றும் வருத்தப்பட வேண்டாம். அவர் மனைவி கையைப் பிடித்தபோது அவர் எந்தப் பக்கம் பார்த்தார் என்பதை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். எழுதுங்கள். எதையும் விடாதீர்கள்.

அன்றைய ஆமெனுக்கு மன்னிப்பு என்று நீங்கள் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. இனி எழுத வேண்டியதில்லை. உங்கள் கடிதம் வரும்வரை கேட்க வேண்டும் என்று இருந்தேன். நீங்கள் அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குக் கேட்டுவிட்டது. இடது காதில்.

உங்கள் தங்கை

*

ஜூலை 28

பிரியமுள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். மருந்து சாப்பிடுகிறேன். கேட்டதற்குப் பதில்: அவர் தரையைப் பார்த்தார்.

சபையில் மாற்றம் இருக்கிறது. நல்ல மாற்றமா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. புதன்கிழமைகளில் யாரும் யார் பெயரையும் சொல்லி ஜெபிப்பதில்லை. அதனால் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஓட்டுநர் போன ஞாயிறு வந்தார். கடைசி பெஞ்சில், செருப்பைக் கழற்றாமல், எந்த நிமிடமும் எழுந்து போகிறவர்போல் உட்கார்ந்திருந்தார். கடைசிவரை போகவில்லை. மரக்கடைக்காரர் வருவதில்லை.

நேற்று அவர் என் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

‘அண்ணே, வீட்ல சாப்பாட்டுக்கு முன்னே ஜெபிக்கக்கூட வாய் வரமாட்டேங்குது. பேரப்பிள்ளைங்க என் முகத்தையே பாக்குதுங்க. அந்த ஜெபம் பாதியில நிக்குது. நீங்க அதை முடிச்சுக் குடுத்துடுங்க’ என்றார்.

‘எப்படிங்க?’

‘ஒரே வார்த்தைதானே. இங்கயே சொல்லிடுங்க. வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்.’

அவர் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று தோன்றியதால் சுவரைப் பார்த்துக்கொண்டு, ‘அது என்கிட்ட இல்லீங்க’ என்றேன்.

‘பின்ன யார்கிட்ட இருக்கு?’

‘என் தங்கச்சிகிட்ட.’

‘சரி, நம்பர் குடுங்க. போன்ல ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடறேன்’ என்றார்.

‘போன்ல அவளுக்குக் கேக்காதுங்க’ என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கதவுவரை போய்த் திரும்பி, ‘அப்ப நேர்ல போனா பாப்பாங்களா? தனியாப் பேசணும். கேட்டுச் சொல்லுங்க’ என்றார். கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நான் வேறு விதமாகச் சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. என்ன பதில் சொல்லட்டும்?

அன்புடன்,
அண்ணன்

*

ஆகஸ்ட் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். முழங்கால்கூடக் கொஞ்சம் பரவாயில்லை.

அவரை வரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வேண்டாம். வேலை நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வரட்டும். வாசலில் கேட்டால் லினன் அறைக்கு வழி காட்டுவார்கள்.

தனியாகப் பேச வேண்டும் என்றாராம். வலது காதும் இப்போது ரொம்ப மங்கிவிட்டது. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னால் ஒன்றும் கேட்காது. உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும். முதல் தடவையில் புரியாது, இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும். அன்றைக்கு அவர் என்ன ஜெபித்தார், அதனால் எனக்கு என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லட்டும். எங்கள் அறை பெரியது. அத்தனை பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அவர் சொல்லி முடித்த பிறகு, ஆமென் சொல்வதா வேண்டாமா என்று நாங்கள் யோசிக்கிறோம். வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் அறையில் நாற்காலி கிடையாது. நாங்கள் எல்லோரும் நின்றுதான் வேலை செய்கிறோம். அவரும் நிற்க வேண்டியிருக்கும்.

நீங்களும் கூட வாருங்கள். உங்களுக்கு ஒரு ஸ்டூல் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை